லோரியில் ஏறுமா பியூஷன் ரியாக்டர்?

கேள்வி: கண்டெய்னர் லோரியில் ஏற்றிப் போகிற அளவுக்குச் சின்ன பியூஷன் ரியாக்டர் வரப்போகிறது என்று பத்து வருஷத்துக்கு முன்னால் படித்தேன். பிரான்சிலோ மலை போல ஒன்றைக் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். சின்னதே போதும் என்றால் அந்தப் பெரியது எதற்கு? (பட்டர்வொர்த் வாசகர்)

பதில்: பியூஷன் என்றால் சூரியனில் நடப்பதுபோல லேசான அணுக்களை இணைத்துச் சக்தி எடுப்பது. நீங்கள் படித்தது 2014-இல் அமெரிக்க விமானக் கம்பெனி லாக்ஹீட் மார்ட்டின் சொன்னதாக இருக்கும். லோரி அளவு, 100 மெகாவாட் என்றார்கள். அந்த லோரி இன்னும் வந்து சேரவில்லை.

பெரிசாகக் கட்டுவதற்குக் காரணம் நாசி கண்டார் கடையிலேயே இருக்கிறது. அடுப்பிலிருந்து இறக்கிய அண்டாக் குழம்பு ரொம்ப நேரம் சூடாக இருக்கும், அதில் ஒரு கரண்டியைக் கிண்ணத்தில் ஊற்றி வைத்தால் நாலு வாய்க்குள் ஆறிவிடும். சூடு மேற்பரப்பு வழியாகத்தான் வெளியே போகிறது, பாத்திரம் சிறுத்தால் உள்ளே இருக்கிற குழம்புக்கு மேற்பரப்பு அதிகம். ரியாக்டருக்குள் 15 கோடி டிகிரியில் சுழலும் பிளாஸ்மாவுக்கும் (மின்னூட்டம் பெற்ற வாயு) இதே பிரச்சினைதான். அதனால்தான் பிரான்சின் ஐடெர் அவ்வளவு பெரிது: பிளாஸ்மா மட்டும் சுமார் 840 கன மீட்டர், 50 மெகாவாட் சூட்டை உள்ளே செலுத்தி 500 மெகாவாட் எடுப்பது இலக்கு. அதுவும் வெப்பமாகத்தான். ஐடெர் சோதனை உலை, ஒரு பல்பு எரிய மின்சாரம் தராது.

சரி, இன்னொரு வழி, பிளாஸ்மாவைச் சுவரில் படாமல் பிடித்து வைத்திருக்கும் காந்தத்தைப் பலப்படுத்துவது. மற்றவை மாறாமல் காந்தப்புலத்தை இரண்டு மடங்காக்கினால், ஒவ்வொரு கன மீட்டரிலும் கிடைக்கும் சக்தி 16 மடங்காகும். ஐடெரில் பிளாஸ்மாவின் நடுவே காந்தப்புலம் 5.3 டெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). அமெரிக்காவில் காமன்வெல்த் பியூஷன் சிஸ்டம்ஸ் கட்டும் ஸ்பார்க்கில் 12.2 டெஸ்லா, அதனால் சுமார் 20 கன மீட்டரிலேயே 140 மெகாவாட் வரை எதிர்பார்க்கிறார்கள். இதைச் சாத்தியமாக்குவது தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் புதுவகை மீகடத்தி நாடா, அதில் இருப்பது அரியமண் தனிமம். குவாந்தான் அரியமண் ஆலை புண்ணியத்தில் அந்தப் பெயர் நமக்கெல்லாம் பழக்கம்தானே!

கேள்வி: அப்படியானால் காந்தத்தை இன்னும் பலமாக்கி, ரியாக்டரை இன்னும் சின்னதாக்கிக்கொண்டே போகலாமே? விலையும் குறையும். (பிரிக்பீல்ட்ஸ் வாசகி)

பதில்: போக முடியாதம்மா, சுவர் விடாது. எரிபொருளான டியூட்டீரியமும் டிரிட்டியமும் (இரண்டும் கனமான ஹைட்ரஜன் வகைகள்) இணையும்போது கிளம்பும் சக்தியில் 80 விழுக்காட்டை நியூட்ரான்கள் தூக்கிக்கொண்டு ஓடுகின்றன, அவற்றுக்கு மின்னூட்டம் கிடையாது, எவ்வளவு பெரிய காந்தம் வைத்தாலும் கண்டுகொள்ளாமல் நேரே சுவரில் போய் அடிக்கும். அங்கே அவற்றைப் பிடித்து வெப்பமாக்க வேண்டும், லித்தியத்தில் மோதவிட்டுப் புது டிரிட்டியம் தயாரிக்க வேண்டும், பின்னால் இருக்கும் மீகடத்திக் காந்தத்தையும் காப்பாற்ற வேண்டும். இத்தனைக்கும் சேர்த்து ஏறக்குறைய ஒரு மீட்டர் கனம் தேவை. வீட்டைச் சுருக்கினாலும் இந்தச் சுவர் மெலியாது. அதோடு அதே சக்தி சின்னச் சுவரில் இறங்கினால் ஒவ்வொரு சதுர மீட்டரும் வாங்கும் அடி கூடும், எஃகு சீக்கிரம் நொறுங்கும் தன்மைக்கு வரும்.

ஸ்பார்க் அவ்வளவு சின்னதாக இருப்பதற்கு, டிரிட்டியம் தயாரிக்கும் அந்தக் கனத்த சுவர் அதில் இல்லாததும் ஒரு காரணம். அதே கம்பெனி வெர்ஜீனியாவில் 400 மெகாவாட் மின்சாரத்துக்குத் திட்டமிடும் ஆர்க், ஸ்பார்க்கைவிடப் பெரியதுதான். (நம் மஞ்சோங்கில் ஒரு நிலக்கரி யூனிட் மட்டுமே சுமார் 1000 மெகாவாட் என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள்.) என்னைக் கேட்டால், இனிமேல் எந்தக் கம்பெனியாவது "எங்கள் ரியாக்டர் இத்தனை சின்னது" என்று படம் காட்டினால், உள்சுவரை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவீர்கள், மாற்றும்வரை கரண்ட்டுக்கு எங்கே போவது என்றுதான் முதலில் கேட்பேன்.

கேள்வி: மலேசியாவில் யாராவது இதைத் தொட்டிருக்கிறார்களா? (செந்தூல் மாணவர்)

பதில்: தொட்டிருக்கிறார்கள் தம்பி, அதுவும் 1980-களிலேயே. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் லீ சிங் குழு, வளரும் நாட்டு ஆய்வாளர்களுக்குப் பயிற்சி கொடுக்க "பிளாஸ்மா ஃபோக்கஸ்" என்ற கருவியை வடிவமைத்தது. மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் மின்தேக்கி ஒரே ஒன்று, 30 மைக்ரோஃபாரட், 15 கிலோவோல்ட். கணக்குப் போட்டால் சுமார் 3 கிலோஜூல், ஒரு கிளாஸ் தண்ணீரை நாலு டிகிரி சூடாக்கப் போதுமான சக்தி. ஆனால் டியூட்டீரியம் வாயுவை நிரப்பிச் சுட்டால் நிஜமாகவே இணைவு நடந்து நியூட்ரான்கள் வெளியே வரும். மின்சாரத்துக்கு உதவாது. ஆனால் பட்டர்வொர்த் அண்ணன் கேட்ட லோரிகூட வேண்டாம், ஒரு வேன் போதும்.