மெயிலில் மாறிய கணக்கு எண்: பணத்தை இரண்டாம் முறையும் கட்ட வேண்டுமா?

கேள்வி: சிறிய அளவில் அட்டைப்பெட்டி தயாரிக்கும் யூனிட் நடத்துகிறேன். ஆறு வருடமாக ஒரே நிறுவனத்திடம்தான் கிராஃப்ட் பேப்பர் வாங்குகிறேன். பில், பேமெண்ட் விவரம் எல்லாம் மெயிலில்தான் வரும். சென்ற மாதம் 4,60,000 ரூபாய்க்கு பில் வந்தது. மறுநாளே இன்னொரு மெயில். ஆடிட் நடப்பதால் பழைய கணக்கில் பணம் வாங்க முடியவில்லை, இந்தப் புதிய கணக்கில் போடுங்கள் என்று திருத்திய பில்லுடன் வந்தது. லோகோ, ஜிஎஸ்டி எண், கையெழுத்து எல்லாம் அப்படியே இருந்ததால் ஆர்டிஜிஎஸ் செய்துவிட்டேன். பத்து நாள் கழித்து, பணம் வரவில்லையே என்று அவர்களிடமிருந்து போன். வங்கியில் கேட்டால், நீங்களே அனுப்பிய பணத்துக்கு நாங்கள் என்ன செய்ய முடியும் என்கிறார்கள். சப்ளையரோ முழுத் தொகையையும் மறுபடி கேட்கிறார், இல்லையென்றால் கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை கொடு என்கிறார். அவர்களே செய்த வேலைதான் இது, அவர்கள் மேலேயே புகார் கொடு என்கிறார் என் மைத்துனர். இதற்கிடையில் யாரோ ஒருவர் போன் செய்து, 15,000 ரூபாய் கட்டினால் போன பணத்தை மீட்டுத் தருவதாகச் சொல்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் இல்லை. 1930-க்குப் போன் செய்ததாக நீங்கள் எழுதவில்லை. செய்யவில்லை என்றால் மீதியைப் படிப்பதற்கு முன் அதைச் செய்துவிடுங்கள். இணையப் பண மோசடிக்கென்று மத்திய உள்துறை அமைச்சகம் நடத்தும் உதவி எண் அது. அனுப்பிய தேதி, நேரம், யுடிஆர் எண் (அந்தப் பணப் பரிமாற்றத்துக்கு வங்கி தந்த எண்), எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்குப் போனது என்பதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அவர்கள் தரும் புகார் எண்ணை வைத்து சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் முழுப் புகாரையும் கையோடு பதிவு செய்யுங்கள்.

பத்து நாள் கழித்து இதனால் என்ன பயன் என்று தோன்றும். முதல் சில மணி நேரத்துக்குள் சொல்லியிருந்தால் வாய்ப்பு அதிகம் என்பது உண்மைதான். இப்படிப் போகும் பணம் ஒரே கணக்கில் தங்காது. வாடகைக்கு விடப்பட்ட நாலைந்து கணக்குகள் வழியாகச் சிதறும். காவல்துறையில் இவற்றை மியூல் அக்கவுண்ட் என்பார்கள். ஆனால் அந்தச் சங்கிலியில் ஏதாவது ஒரு கணக்கு வேறு யாரோ கொடுத்த புகாரில் ஏற்கெனவே முடக்கப்பட்டிருக்கலாம். அதில் உங்கள் பணத்தின் ஒரு பகுதி நிற்கிறதா என்பது, உங்கள் புகார் பதிவானால்தான் தெரியவரும். அப்படி நிறுத்திவைத்த தொகையை பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 503-இன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட்டுத் திரும்பக் கேட்கலாம்.

காவல் நிலையத்தில் இது எங்கள் எல்லை இல்லை என்று அனுப்பினால், அதே சட்டத்தின் பிரிவு 173-ஐச் சொல்லுங்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலை வாங்கிப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அது. அப்போதும் வாங்க மறுத்தால் எஸ்பி-க்கு எழுத்தில் அனுப்பலாம், அதற்கு மேல் மாஜிஸ்திரேட் இருக்கிறார். பொருந்தும் குற்றப்பிரிவுகளை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய தண்டனைச் சட்டம்) 318(4)-இல் மோசடிக்கு ஏழு ஆண்டு வரை சிறை, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி-இல் கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் மூன்று ஆண்டு வரை. இந்த இரண்டும் எஃப்ஐஆரில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, நீங்கள் கேட்ட முக்கியக் கேள்விக்கு வருகிறேன். பணத்தை இரண்டாம் முறை கட்ட வேண்டுமா? நேராக ஆம், இல்லை என்று சொல்ல இதற்கென்று தனிச் சட்டப் பிரிவு எதுவும் கிடையாது. பொதுவான ஒப்பந்தச் சட்டத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும். கடன் கொடுத்தவருக்கோ, அவர் சொன்னவருக்கோ போய்ச் சேர்ந்தால்தான் கடன் தீரும். நடுவில் ஒரு திருடன் வாங்கிக்கொண்டான் என்பதால் மட்டும் சப்ளையரின் பாக்கி தீர்ந்துவிடாது. இது அவர் பக்கம். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 50, வாக்குறுதி பெற்றவர் எந்த முறையில் நிறைவேற்றச் சொன்னாரோ அந்த முறையில் நிறைவேற்றினால் போதும் என்கிறது. இது உங்கள் பக்கம். ஆக, அந்த இரண்டாவது மெயிலில் சொன்னது அவரா, இல்லையா? வழக்கே இந்த இடத்தில்தான் நிற்கிறது. இதற்குப் பதில் என்னிடம் இல்லை, உங்கள் மெயில் பெட்டியில் இருக்கிறது.

இப்போது இரண்டு மெயில்களையும் அடுத்தடுத்துத் திறந்து, அனுப்பியவரின் பெயரை விட்டுவிட்டு முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஆங்கில 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டி நின்றால் போன் திரையில் வித்தியாசமே தெரியாது. சிறிய 'எல்' எழுத்துக்குப் பதில் ஒன்று என்ற எண், நிறுவனப் பெயரின் நடுவில் ஒரு சின்னக் கோடு, டாட் இன் இருந்த இடத்தில் டாட் காம், இவையெல்லாம் நான் கேஸ் கட்டுகளில் பார்த்தவை. முகவரி சரியாகவே இருந்தால், 'ரிப்ளை' அழுத்தி பதில் எந்த முகவரிக்குப் போகிறது என்று பாருங்கள், அனுப்பிவிட வேண்டாம். அனுப்பியது ஒரு முகவரி, பதில் போவது வேறு முகவரி என்றால் அதுவே ஒரு சாட்சி.

அடுத்து ஹெடர், அதாவது மெயில் எங்கிருந்து எப்படி வந்தது என்று அதனுடனேயே வரும் மறைவான குறிப்பு. கணினியில் ஜிமெயிலைத் திறந்து, அந்த மெயிலின் மூன்று புள்ளியை அழுத்தினால் 'ஷோ ஒரிஜினல்' என்று வரும். மெயில் அந்த முகவரிக்குரிய இடத்திலிருந்துதான் வந்ததா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று சோதனைகளின் முடிவு அதில் இருக்கும். மூன்றும் 'பாஸ்', முகவரியும் உண்மையானது என்றால், அந்த மெயில் பெரும்பாலும் சப்ளையரின் மெயில் பெட்டிக்குள் இருந்தே கிளம்பியிருக்கிறது. யாரோ அவர்களின் பாஸ்வேர்டைத் திருடி உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பொருள். அப்போது உங்கள் வாதம் பலமானது. உங்கள் பெட்டியிலிருந்துதான் சொன்னீர்கள், உங்கள் பெட்டியைப் பூட்டி வைப்பது உங்கள் பொறுப்பு என்று சப்ளையரிடம் கேட்கலாம். ஆனால் முகவரி போலி என்றால், எழுத்துகளைக் கவனிக்காதது உங்கள் தவறு என்று அவர்கள் சொல்வார்கள், அதில் நியாயமும் இருக்கும்.

முகவரி போலி என்பதோடு விஷயம் முடிந்துவிடாது. பில் போன மறுநாளே அதே தொகைக்குத் திருத்திய பில் வந்திருக்கிறது. வெளியில் இருப்பவனுக்கு இது எப்படித் தெரியும்? இரண்டு பெட்டிகளில் ஒன்றை அவன் படித்துக்கொண்டிருந்தான். இந்த வகை மோசடி செய்பவர்கள் அவசரப்படுவதில்லை. உள்ளே புகுந்து வாரக்கணக்கில் சும்மா படிப்பார்கள், பெரிய பில் போகும் நாளுக்காகக் காத்திருப்பார்கள். எனவே உங்கள் மெயிலின் செட்டிங்ஸில் ஃபார்வர்டிங், ஃபில்டர் இரண்டையும் பாருங்கள். பில் என்ற சொல் வந்தாலே வேறொரு முகவரிக்கு நகல் போகும்படி யாராவது அமைத்திருந்தால், ஓட்டை உங்கள் வீட்டில். அதை அழிப்பதற்கு முன் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், அப்புறம் பாஸ்வேர்டை மாற்றி இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள். அது உங்களுக்கு எதிரான சாட்சி ஆயிற்றே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் அழித்தது பின்னால் தெரியவந்தால் நிலைமை இன்னும் மோசம்.

இந்த மெயில்களை ஃபார்வர்ட் செய்து வக்கீலுக்கோ போலீஸுக்கோ அனுப்பினால் மூல ஹெடர் போய்விடும். 'டவுன்லோட் மெசேஜ்' கொடுத்து இஎம்எல் கோப்பாக இறக்கி ஒரு பென் டிரைவில் வையுங்கள். நீதிமன்றத்தில் இதைக் காட்ட பாரதிய சாக்ஷ்ய அதினியம் (இப்போதைய சாட்சியச் சட்டம்) பிரிவு 63(4) சான்றிதழ் வேண்டும், முன்பு 65பி என்று பழக்கமாகச் சொன்ன அதே வகைதான். சப்ளையரும் தன் மெயில் சர்வரின் லாகின் பதிவுகளைப் பாதுகாக்க வேண்டும் என்று இன்றே எழுத்தில் கேளுங்கள். அந்தப் பதிவுகள் நெடுநாள் இருக்காது. நோட்டீஸ் போய்ச் சேர்ந்த பிறகும் அழிந்தால் அதுவே உங்கள் தரப்புக்கு ஒரு பேச்சு.

மைத்துனர் சொல்வதைப் போல சப்ளையர் பெயரைக் குற்றவாளியாகப் போட்டுப் புகார் கொடுக்காதீர்கள். பணம் போன கணக்கு யாருடையது என்று காவல்துறை கண்டுபிடிக்கட்டும். ஆதாரம் இல்லாமல் பெயர் சொன்னால் ஆறு வருட வியாபார உறவும் போகும், உங்கள் மேல் அவதூறு நோட்டீஸும் வரும். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், 'அடையாளம் தெரியாத நபர்' என்று போடுங்கள், சப்ளையரின் மெயில் பெட்டியையும் விசாரிக்கும்படி ஒரு வரி சேர்த்தால் போதும்.

வெற்றுக் காசோலை கொடுக்கவே கூடாது. இன்று இது யார் நஷ்டம் என்ற சிவில் தகராறு. காசோலை கை மாறி வங்கியில் திரும்பினால், நாளை அது மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 138-இன் கீழ் கிரிமினல் வழக்கு. கையெழுத்துப் போட்ட காசோலை கடனுக்காகத்தான் கொடுக்கப்பட்டது என்று சட்டமே முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும்.

அதற்காகச் சப்ளையரைத் தவிர்த்து ஒளியவும் வேண்டாம். அவர் குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்தவர் என்றால், அதிகபட்சம் 45 நாளில் பணம் தராதவருக்கு எம்எஸ்எம்இ சட்டப்படி ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி ஏறும். ஜிஎஸ்டி-யிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் சப்ளையருக்குப் பணம் போகவில்லை என்றால், எடுத்த உள்ளீட்டு வரி வரவை (இன்புட் டாக்ஸ் கிரெடிட்) திருப்ப வேண்டிவரும். உங்கள் ஆடிட்டரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். சப்ளையருக்கு எழுதும் கடிதத்தில், உங்கள் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் எழுதுவதாக முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள். பணம் பாக்கி என்று ஒப்புக்கொள்ளும் வாசகம் எங்கும் வரக் கூடாது. ஹெடர் என்ன சொல்கிறது என்று தெரிந்த பிறகு பேச உட்காருங்கள். என் அனுபவத்தில் இப்படிப்பட்ட தகராறுகள் நஷ்டத்தைப் பங்கு போட்டுக்கொண்டு, பாக்கியைத் தவணையில் கட்டுவதாக எழுதி முடிவதுதான் இரண்டு பேருக்கும் மலிவு.

வங்கி சொன்னது பாதி சரி. வாடிக்கையாளருக்குத் தெரியாமல் நடந்த பரிவர்த்தனைகளுக்காக ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட சுற்றறிக்கை, நீங்களே அனுப்பிய பணத்துக்கு நேரடியாக உதவாது. 2010-இல் தமிழ்நாட்டில் ஒரு தீர்ப்பு வந்தது. மெயில் மோசடியில் பணம் இழந்த வாடிக்கையாளருக்கு வங்கியே ஈடு கொடுக்க வேண்டும் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் தீர்ப்பு அதிகாரி உத்தரவிட்டார். அங்கே கணக்கிலிருந்து பணத்தை எடுத்தது திருடன், இங்கே அனுப்பியது நீங்கள். அதை அப்படியே உங்களுக்குப் பொருத்த முடியாது. ஆனால் பணத்தை வாங்கிக்கொண்ட வங்கி அந்தக் கணக்கை ஒழுங்காக கேஒய்சி பார்த்துத் திறந்ததா என்ற கேள்வியை அதே அதிகாரியிடம் எழுப்பலாம். தமிழ்நாட்டில் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர்தான் அந்த அதிகாரி, 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிக்கலாம். உங்கள் வங்கிக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டால், ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம்.

ஒரு விஷயம் உங்களிடமே கேட்க வேண்டும். பணம் அனுப்பும்போது பயனாளி பெயரைத் திரையில் பார்த்தீர்களா? நம் நாட்டில் ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் பணம் கணக்கு எண்ணைப் பார்த்துத்தான் வரவு வைக்கப்படும், நீங்கள் டைப் செய்த பெயரை வைத்து அல்ல. பலருக்கு இது தெரியாது. நிறுவனத்தின் பெயரை எழுதிவிட்டால் வேறு ஆளுக்குப் போகாது என்று நம்புகிறார்கள். இதற்காகவே, கணக்கு எண்ணைப் போட்டதும் அதன் உண்மையான உரிமையாளர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. நிறுவனத்தின் நடப்புக் கணக்குக்குப் பதில் யாரோ ஒரு தனிநபரின் சேமிப்புக் கணக்கு என்று காட்டினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அந்தப் பெயர் உங்களுக்குக் காட்டப்பட்டதா, இல்லையா என்பதும் வழக்கில் கேட்கப்படும், பதிலை இப்போதே நினைவுபடுத்தி எழுதி வையுங்கள்.

இனி வரும் பில்களுக்கு, கணக்கு எண் மாறுகிறது என்று மெயில் வந்தால் அந்த மெயிலில் உள்ள நம்பருக்குக் கூப்பிடாதீர்கள், அங்கே எடுப்பவனும் அவனேதான். உங்கள் போனில் பழைய பெயரில் இருக்கும் நம்பருக்குக் கூப்பிட்டு, பழகிய குரலிடம் கேளுங்கள். ஒரு ரூபாய் அனுப்பிச் சோதித்துவிட்டு மெயிலிலேயே "வந்ததா" என்று கேட்பதில் பிரயோஜனமில்லை. வந்தது என்று அவன் உடனே பதில் போடுவான். பர்ச்சேஸ் ஆர்டரிலேயே, வங்கிக் கணக்கு மாற்றம் நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் வந்து போனில் உறுதி செய்யப்பட்ட பிறகே செல்லும் என்று ஒரு நிபந்தனையைச் சேருங்கள். அடுத்த முறை இப்படி ஒரு தகராறு வந்தால், யார் பக்கம் தவறு என்று அந்த ஒரு வரி சொல்லிவிடும்.

கடைசியாக, பணத்தை மீட்டுத் தருவதாகச் சொன்ன அந்த நபர். நீங்கள் ஏமாந்தது அவருக்கு எப்படித் தெரிந்தது? ஏமாந்தவர்களின் விவரம் இந்த ஆட்களிடையே கை மாறும், இரண்டாவது வலை அதே மீனுக்குத்தான் வீசப்படும். காவல்துறையோ நீதிமன்றமோ முடக்கிய பணத்தை விடுவிக்க முன்பணம் கேட்பதில்லை. அவருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். திட்டி வைத்துவிடவும் வேண்டாம். எந்தக் கணக்கில் கட்டச் சொன்னார் என்பதை மெசேஜில் வாங்கி, அவர் போன் நம்பரோடு சேர்த்து உங்கள் புகாரில் இணைத்துவிடுங்கள். பணம் முதலில் போன கணக்கோடு அது எங்காவது பொருந்துகிறதா என்று விசாரணை அதிகாரி பார்த்துக்கொள்வார்.