ஏற்றத்தில் தட்டும் பழைய பெட்ரோல் லாரி

அண்ணாச்சி, பாபநாசம் ஏற்றத்தில் பாரத்தோடு போனால் என்ஜின் கிணுகிணுவென்று தட்டுகிறது, ஸ்டார்ட் செய்யக் கைப்பிடி போட்டுச் சுற்றினால் திருப்பி அடிக்கிறது என்கிறீர்கள். இரண்டும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் டைமிங், அதாவது பிளக்கில் தீப்பொறி விழும் நேரம், முந்தி நிற்கிறது. சரிசெய்யும்வரை கைப்பிடியைத் தொடாதீர்கள், மணிக்கட்டை முறித்துவிடும்.

முதலில் பாயின்ட், அதாவது பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடுமுனைகள். இடைவெளி கூடினாலே தீப்பொறி முந்திவிடும். அதை விட்டுவிட்டு டைமிங் வைப்பது வீண் வேலை. ஒரு முகத்தில் குழியும் மறுமுகத்தில் மேடும் விழுந்திருந்தால் இடைவெளி பார்க்கும் அளவுத்தகடு பொய் சொல்லும். புதிது போடுங்கள்.

பிறகு சாவியை அணைத்து, பிளக்குகளைக் கழற்றி, ஒன்றாம் சிலிண்டர் கம்ப்ரஷனில் வரும்படி புல்லியைக் கையால் சுற்றி, என்ஜின் கையேடு சொல்லும் டிகிரிக் குறியில் நிறுத்துங்கள். டிஸ்ட்ரிபியூட்டரில் காயிலிலிருந்து வரும் மெல்லிய ஒயரின் முனைக்கும் பாடிக்கும் இடையே ஒரு பல்பை மாட்டிச் சாவியைப் போடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி, அதனுள் இருக்கும் ரோட்டர் சுழலும் திசையில் திருப்பினால் பல்ப் அணையும். எதிர்த்திசையில் மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, பல்ப் எரியும் நொடியில் இறுக்கிவிடுங்கள்.

அதன்பின்னும் தட்டினால் ரோட்டரைக் கையால் திருகி விடுங்கள். ஸ்பிரிங் அதைச் சட்டென்று திருப்பி இழுக்க வேண்டும். இழுக்கவில்லையென்றால் உள்ளே, வேகம் கூடும்போது தீப்பொறியை முந்தவைக்கும் எடைகள் துருப்பிடித்துச் சிக்கியிருக்கின்றன. கழற்றிச் சுத்தம் செய்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.