கைப்பிடி அரிசி

அன்புள்ள ஐயா,

நைஜீரியாவின் ஆங்கிலிக்கன் சபையைப் பற்றி வாசித்துக்கொண்டிருக்கிறேன். மிஷனெரிகள் நட்டு வளர்த்த சபை, பக்குவம் அடைந்ததும் 1979-ல் தன்னைத் தானே ஆளும் தனித் திருச்சபை மாகாணமானது என்கிறார்கள். அது இவ்வளவு பெரிதாக வளர்ந்தது எப்படி? மிஷனெரிகளுக்குப் பட்ட நன்றிக்கடனை ஏன் யாரும் பேசுவதில்லை?

சா.

அன்புள்ள சா.,

நன்றிக்கடனை எல்லோரும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதை விடுங்கள். 'பக்குவம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லைத் தாண்ட முடியாமல் இரண்டு நாளாக உட்கார்ந்திருக்கிறேன்.

சாமுவேல் அஜயி கிரவுதர், 1821-ல் யொருபா நாட்டில் (இன்றைய நைஜீரியாவின் தென்மேற்குப் பகுதி) அடிமையாகப் பிடிக்கப்பட்ட பையன். மறு வருடம் அவனை ஏற்றிப்போன போர்த்துக்கீசியக் கப்பலைப் பிரிட்டிஷ் கடற்படை மறித்து, சியரா லியோனின் ஃப்ரீடவுனில் இறக்கிவிட்டது. பிடிபட்டு 25 ஆண்டுகள் கழித்து, 1846-ல், மிஷனெரியாகத் திரும்பிவந்து, யொருபா நாட்டின் அபேயோகுடா ஊரில் தன் தாயைக் கண்டுபிடித்தார். பேச்சு வராமல் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே நின்றார்களாம். 1864-ல் கேன்டர்பரி பேராலயத்தில் அவர் பேராயராக அபிஷேகம் பெற்றார். சபை தன்னைத் தானே ஆளவும், தாங்கவும், பரப்பவும் வேண்டும் என்று சொல்லிவந்த, சி.எம்.எஸ். என்ற இங்கிலாந்து மிஷனெரி சங்கத்தின் செயலாளர் ஹென்றி வென்தான் அதற்குப் பின்னால் நின்றவர். நல்ல மனுஷன். ஆனால் ஒரு கறுப்பருக்குக் கீழ் இருக்க அங்கிருந்த வெள்ளை மிஷனெரிகளுக்கு மனம் வரவில்லை. அபேயோகுடாவை அவருடைய ஆளுகைக்கு வெளியே வைத்தார்கள். அவர் தாய் ஞானஸ்நானம் பெற்ற ஊர், தம்பி, அது!

அப்புறம் 1890. நைஜர் நதிக்கரை ஊரான ஒனிட்சாவில் சி.எம்.எஸ். கமிட்டி கூடுகிறது. இங்கிலாந்திலிருந்து வந்த இளம் மிஷனெரிகள், 80 வயதுப் பேராயரை உட்காரவைத்துக்கொண்டே அவருடைய ஊழியர்களை வேலையிலிருந்து நிறுத்துகிறார்கள். அவர் கமிட்டியை விட்டு விலகினார். 1891 டிசம்பர் 31 அன்று இறந்தார். அவருக்குப் பின் வந்தவர் ஒரு வெள்ளைக்காரர். 1951-ல் மேற்கு ஆப்பிரிக்க மாகாணம் உண்டானபோதும் முதல் பிரதமப் பேராயர் வெள்ளைக்காரரே. 1864-ல் இருந்த பக்குவம் 1891-ல் எங்கே போயிற்று? சொல்லுங்கள். பழம் பழுத்துத்தான் இருந்தது. பறித்ததைத் திரும்ப மரத்தில் கட்டிவைத்தார்கள்.

எங்கள் ஆச்சி உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள். அது எங்கள் சபைக் கோயிலுக்கு. மழை பொய்த்த வருடம் கைப்பிடி சிறுத்தது. ஆனால் ஒரு நாளும் நிற்கவில்லை. கலயத்தின் விளிம்பில் அவள் விரல் தட்டும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. குருவானவர் சம்பளமும் ஓலைக்கூரை ஓடானதும் அப்படி வந்த காசில்தான். சபையின் நூற்றாண்டு மலரில் வெள்ளைக்கார ஐயருக்கு முழுப்பக்கப் படம் போட்டார்கள். அரிசியைப் பற்றி ஒரு வரி இல்லை. அன்றைக்கு வந்த கோபம்தான் இப்போது உங்கள் மேல் விழுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நைஜர் டெல்டாவிலும் கதை இதுதான். கிரவுதரின் மகன் டேண்டெசனும் சபை மக்களும் 1892-ல் சி.எம்.எஸ். பணம் வேண்டாம் என்று தங்கள் சபைகளைத் தாங்களே நடத்தத் தொடங்கினார்கள். மாகாணம் ஆவதற்கு 87 வருடம் முன்பு! அதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்? இனி 'பக்குவம் அடைந்ததும்' என்று எழுதாதீர்கள். 'விட்டுக்கொடுக்க மனம் வந்ததும்' என்று எழுதுங்கள்.

சபை எப்படி வளர்ந்தது என்றுதான் கேட்டிருந்தீர்கள். அதற்குக் கிரவுதரின் யொருபா வேதாகமத்திலிருந்து தொடங்க வேண்டும். இன்னொரு நாள் எழுதுகிறேன்.