டயாலிசிஸ் மெஷினில் தெரியும் 14 என்ன?

கிட்னி பழுதானால் ரத்தத்தின் மின்கடத்துதிறன் மாறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாறும், ஆனால் யூரியாவால் அல்ல. அதற்கு மின்னூட்டமே கிடையாது. கடத்துவது பெரும்பாலும் சோடியமும் குளோரைடும். சிவப்பணுவின் சவ்வு வயர் மேலுள்ள உறை மாதிரி மின்சாரத்தைத் தடுக்கும். அதனால் கிட்னி நோயாளிக்குச் சோகை வந்து அணுக்கள் குறைந்தால் கடத்துதிறன் கூடும்; டயாலிசிஸில் நீரை இழுத்ததும் ரத்தம் கெட்டிப்பட்டு அது இறங்கும்.

மெஷின் காட்டும் 14 ரத்தத்துடையது அல்ல. டயாலிசிஸ் திரவத்தின் கடத்துதிறன், சென்டிமீட்டருக்கு மில்லிசீமென்ஸ் கணக்கில். இந்தத் திரவத்தைக் கலக்கும் செறிவான உப்புக் கரைசல், அதாவது கான்சன்ட்ரேட், உள்ள கேன் காலியானால் எண் சரியும், அலாரம் அடிக்கும், திரவம் ஃபில்டருக்குப் போகாமல் பைபாஸில் திரும்பும்.

பொட்டாசியம் தனிக் கதை. ரத்தத்தில் வழக்கமாக லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல்தான். மொத்தக் கடத்தலில் அதன் பங்கு சொற்பம். ஆனால் 6.5 தாண்டினால் ஈசிஜியில் டி அலை (ஒவ்வொரு துடிப்பின் கடைசியில் வரும் மேடு) கூம்பி நிற்கலாம், இதயமே நின்றும் போகலாம். பாளையங்கோட்டை வெயிலுக்கு இளநீர் குளிர்ச்சிதான். ஒரு காயில் அரை கிராம் பொட்டாசியம் இருக்கலாம். டயாலிசிஸ் இல்லாத இரண்டு நாள் இடைவெளியில் குடிப்பதுதான் ரொம்ப மோசம்.