மருத்துவப் படிப்புக்காக வீட்டை அடகு வைக்காதீர்கள்

நுண்ணுயிரியலில் இளநிலைப் பட்டம் முடிக்கப்போகும் மகளை, வீட்டை அடகு வைத்தாவது வெளிநாட்டில் மருத்துவம் படிக்க அனுப்பும்படி உறவினர்கள் நெருக்குவதாகச் சொன்னீர்கள். உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் அந்த யோசனை தவறு. மருத்துவமனைக்குப் போனபோது பார்த்தவற்றில் எது மனத்தில் நின்றது என்று உங்கள் மகளிடம் கேட்டேன். காய்ச்சல் முற்றிய பிறகே பலர் வருவது ஏன், அதை யாராவது கணக்கெடுக்கிறார்களா என்று திருப்பிக் கேட்டார். அவருடைய நாட்டம் சிகிச்சையில் இல்லை, ஆய்வில் இருக்கிறது.

ஆய்வக வேலை, மருந்து நிறுவன வேலை போன்றவை நீங்கள் அறிந்தவையே. பலரும் கவனிக்காத வழி, பல்கலைக்கழகங்கள் கூட்டாக நடத்தும் சுகாதார ஆய்வுப் பயிற்சி. வளரும் நாடுகளின் நோய்களைப் பற்றிய ஆய்வுக்கு உலகச் சுகாதார ஆய்வுச் செலவில் சுமார் 5 விழுக்காடே போகிறது என்று 1990இல் ஒரு பன்னாட்டு ஆணையம் சுட்டிக்காட்டியது. அந்தந்த நாட்டிலேயே ஆய்வாளர்களை உருவாக்க வேண்டும் என்ற முனைப்பு அதன் பிறகு வலுப்பெற்றது.

உகாண்டாவின் மக்கெரேரே பல்கலைக்கழகமும் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனமும் சேர்ந்து முனைவர் பட்டம் வழங்கியிருக்கின்றன. இத்தகைய ஏற்பாட்டில் மாணவருக்கு இரு பக்கமும் நெறியாளர் உண்டு. களப்பணியைச் சொந்த நாட்டில் செய்துவிட்டு, தரவுப் பகுப்பாய்வையும் ஆய்வக நுட்பங்களையும் கற்கச் சில மாதங்கள் மட்டும் மறுபக்கம் போய் வருவார். ஆய்வுக் கேள்வி அவருடைய மக்களிடமிருந்தே பிறப்பதுதான் இதன் பெரும் பலம். முதுநிலை அளவில், உலக சுகாதார நிறுவனத்தோடு இணைந்து 1975 முதல் இயங்கும் வெப்பமண்டல நோய்களுக்கான ஆய்வு-பயிற்சித் திட்டம் வங்கதேசத்தின் பிராக், இந்தோனேசியாவின் கஜா மாடா, கானா முதலிய பல்கலைக்கழகங்களின் வழியே நடைமுறையாக்க ஆய்வில் பயிற்சியளித்து வந்திருக்கிறது. பயனுள்ள மருந்து கையில் இருந்தும் அது நோயாளியைச் சென்றடையாதது ஏன் என்று ஆராயும் துறை அது. உங்கள் மகள் கேட்டதும் ஏறக்குறைய அதுதான்.

எல்லாக் கூட்டும் நேர்மையானது என்று நான் சொல்ல மாட்டேன். மாதிரிகளை ஒரு பக்கம் சேகரிக்க, கட்டுரைகளை மறுபக்கம் எழுதிக்கொள்ளும் கூட்டுகளும் உண்டு. தரவு யார் பொறுப்பில் இருக்கும், கட்டுரையின் முதல் ஆசிரியராக யார் பெயர் வரும், பட்டத்துக்குப் பின் ஆய்வைத் தொடர இடம் உண்டா என்று சேரும் முன்பே கேளுங்கள். கட்டணமும் வாழ்க்கைச் செலவும் உதவித்தொகையில் அடங்கும் என்ற கடிதம் கைக்கு வராமல் ஒரு காசும் கட்டாதீர்கள்; இடைத்தரகரை அண்டவே விடாதீர்கள்.

முதலில் ஏதேனும் ஒரு சுகாதார ஆய்வில் உதவியாளராக ஓராண்டு வேலை செய்யட்டும். வினாத்தாளோடு வீடு வீடாகப் போவதும், தரவுப் பிழைகளைத் திருத்துவதும் சலித்துவிட்டால், வேறு துறைக்கு மாறிக்கொள்ளலாம்; தலையில் கடன் இருக்காது. அதுவரை உறவினர்களுக்கு நீங்களே பதில் சொல்லுங்கள், மகளைச் சொல்ல வைக்காதீர்கள்.