எட்டும் எய்ட்டும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சமஸ்கிருத ‘பிதர்’, லத்தீன் ‘பாட்டெர்’, ஆங்கில ‘ஃபாதர்’ மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்று சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். சரி. அப்படியானால் ஒன்று–ஒன், எட்டு–எய்ட் மட்டும் எப்படித் தற்செயல் ஆகும்? இதுபோல ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருக்கிறேன். அவர்கள் செய்தால் ஆராய்ச்சி, நாம் செய்தால் மொழிவெறியா? இன்னொன்று, அந்த மூல வேர்களுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுகிறார்கள். எங்கும் எழுதப்படாத, யாரும் கேட்டிராத சொல் என்று அதற்கு அர்த்தமாம். அது வெறும் கற்பனைதானே?

க., திருநெல்வேலி

அன்புள்ள க.,

நோட்டுப் போட்டு எழுதிவைக்கிற அளவுக்குச் சொற்கள் மேல் ஆசை இருப்பவரிடம் இதை விரிவாகவே பேசலாம்.

பாட்டெரும் ஃபாதரும் உறவு என்று சொல்வது அவை ஒன்றுபோல ஒலிப்பதால் அல்ல. அவை ஒரு ஒழுங்கோடு வேறுபடுவதால். லத்தீனில் சொல்லின் முதலில் ‘ப’ வரும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘ஃப’ வருகிறது. மீன் அங்கே பிஸ்கிஸ், இங்கே ஃபிஷ். பாதம் அங்கே பெஸ், இங்கே ஃபுட். ‘க’ இருந்தால் ‘ஹ’ ஆகிறது. கொம்பு கோர்னு–ஹார்ன், நூறு கென்டும்–ஹண்ட்ரட். டென்மார்க்கின் ராஸ்முஸ் ராஸ்க் 1818இலும் ஜெர்மனியின் யாக்கோப் கிரிம் 1822இலும் இதை எழுதிவைத்தார்கள். ‘பேட்டர்னல்’ என்ற ஆங்கிலச் சொல்லில் ‘ப’ மாறாமல் இருக்கிறதே என்றால், அது பிற்காலத்தில் லத்தீன் வழியாக வாங்கிய கடன். மாற்றம் நடந்து முடிந்த பிறகு உள்ளே வந்த சொல்.

பெங்களூரில் கொஞ்ச காலம் இருந்தவர்களுக்கு இப்படிப்பட்ட விதி ஒன்று காதில் விழுந்திருக்கும். பால்–ஹாலு, புலி–ஹுலி, பல்–ஹல்லு, பத்து–ஹத்து. பழங்கன்னடத்தில் இவற்றில் ‘ப’தான் இருந்தது.

ஒழுங்கு என்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஆர்மீனிய மொழி. இரண்டு என்பதற்கு அங்கே ‘எர்கு’. லத்தீன் ‘துவோ’, சமஸ்கிருத ‘த்வி’ பக்கத்தில் அதை வைத்தால் எந்தக் காதும் உறவு என்று ஒத்துக்கொள்ளாது. ஆனால் இந்த மொழிகளுக்கெல்லாம் தாயான மூலமொழியில் ‘த்வ’ என்று தொடங்கிய வேறு சொற்களும் ஆர்மீனியத்தில் ‘எர்க்’ என்றுதான் வருகின்றன. நீளம் என்ற பொருளுள்ள ‘எர்கார்’ ஒன்று, அச்சத்தைக் குறிக்கும் சொல் இன்னொன்று. இதைக் கண்டு சொன்னவர் பிரெஞ்சு மொழியியலாளர் அந்துவான் மெய்யே. அதனால் எர்கு உறவு. அதே நேரம், கடவுள் என்ற பொருளில் லத்தீனில் ‘தேவுஸ்’, கிரேக்கத்தில் ‘தெயோஸ்’ இருக்கின்றன. பொருளும் ஒன்று, ஒலியும் கிட்டத்தட்ட ஒன்று, குடும்பமும் ஒன்று. இருந்தும் ஒலிவிதி பொருந்தவில்லை என்று அந்த ஜோடியைத் தள்ளிவிட்டார்கள். தங்கள் சொற்களுக்கே அவர்கள் சலுகை காட்டவில்லை.

இப்போது உங்கள் எட்டுக்கு வருகிறேன். இரண்டு சொற்களையும் காலத்தில் பின்னால் நடத்திப் பாருங்கள். ‘எய்ட்’ என்று எழுதும்போது நடுவில் உச்சரிக்காத ‘ஜி-ஹெச்’ இருக்கிறதல்லவா? முன்பு அது தொண்டையில் உரசி வந்த ஒலி. ஜெர்மன் அந்த உரசலை இன்றும் வைத்திருக்கிறது. லத்தீனில் அது ‘ஒக்டோ’. ரோமானியரின் பழைய கணக்கில் எட்டாம் மாதமான அக்டோபரில் இருப்பது அதுதான். பின்னால் போகப் போக நடுவில் ‘க்’ தெளிவாகிறது. நம் எட்டு என்ன ஆகிறது? எண்பது, எண்ணூறு. கன்னடத்தில் எண்டு, தெலுங்கில் எனிமிதி. பின்னால் போகப் போக மூக்கொலி வெளியே வருகிறது. உறவு என்றால் பின்னோக்கிப் போகும்போது நெருங்க வேண்டும். இவை விலகுகின்றன. ‘ஒன்’ என்பதும் அப்படித்தான். அதன் தொடக்கத்தில் கேட்கும் ‘வ’ ஒலி சில நூற்றாண்டுகளுக்கு முன்தான் ஒட்டிக்கொண்டது. அதே சொல்லிலிருந்து வந்த ‘அலோன்’, ‘ஒன்லி’ இரண்டிலும் அது இல்லை. பழைய ஆங்கிலத்தில் அது ‘ஆன்’. நம் பக்கம் ஒரு, ஓர் என்று ரகரம் நிற்கிறது.

நட்சத்திரக் குறி பற்றி. 1878இல், 21 வயதில், சுவிஸ் மொழியியலாளர் ஃபெர்டினான் த சொசூர் ஒரு நூல் வெளியிட்டார். மூலமொழியின் சில நெடில் உயிர்கள் உண்மையில் ஒரு குறிலும், பிறகு தொலைந்துபோன ஓர் ஒலியும் சேர்ந்தவை என்றார். அப்போது தெரிந்திருந்த எந்த மொழியிலும் அந்த ஒலி இல்லை. கணக்குப் போட்டால் இருந்திருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். பலர் ஏற்கவில்லை. 1906இல் துருக்கியின் பொகாஸ்கோயில் களிமண் பலகைகள் தோண்டியெடுக்கப்பட்டன. 1915இல் செக் அறிஞர் பெட்ரிஷ் ஹ்ரோஸ்னி, அவற்றில் இருந்த ஹிட்டைட் என்ற பழைய மொழி, லத்தீனும் சமஸ்கிருதமும் அடங்கிய இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று காட்டினார். சமஸ்கிருதத்தில் காப்பது என்பதற்கு வேர் ‘பா’, நம் கோபாலன் பெயரில் இருப்பது. ஹிட்டைட்டில் அதே பொருளில் ‘பஹ்ஸ்’. சமஸ்கிருதத்தில் ஒலி தேய்ந்து நெடில் வந்த இடத்தில், இங்கே ‘ஹ’ அப்படியே நிற்கிறது. 1927இல் போலந்து மொழியியலாளர் குரிவோவிச் இதை எடுத்துச் சொன்னார். சொசூர் 1913இலேயே இறந்துவிட்டார். அவர் இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று படிக்கும்போதெல்லாம் மனம் கிடந்து தவிக்கும். யாரும் கேட்டிராத ஒலிதான், ஆனால் கற்பனை இல்லை.

உங்கள் ‘மொழிவெறியா’ என்ற கேள்விக்கும் பதில் சொல்லவேண்டும். 1816இல் சென்னைக் கலெக்டர் எல்லிஸ், தெலுங்கு, கன்னடம், தமிழ் வேர்ச்சொற்களைப் பக்கம் பக்கமாக வைத்து, இவை சமஸ்கிருதத்திலிருந்து பிறக்காத தனிக் குடும்பம் என்று காட்டினார். உங்கள் ஊர்ப்பக்கம் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856இல் அதை முழு ஒப்பிலக்கணமாக்கினார். கேட்க ஒன்றுபோல இருந்தால் போதும் என்று விட்டிருந்தால், தமிழில் இவ்வளவு வடசொற்கள் இருக்கின்றனவே, தமிழும் அதன் பிள்ளைதான் என்று சொல்லி முடித்திருப்பார்கள். ஒன்று–ஒன் ஜோடியைத் தள்ளும் அதே முறைதான் தமிழின் தனித்தன்மையையும் நிறுவியது. அதை நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது.

நோட்டைக் கிழித்துப் போடாதீர்கள். பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் அதில் தேடி, தெலுங்கு, கோண்டி, குடுக், பிராகுயி போன்ற திராவிட மொழிகளின் வடிவங்கள் இருந்தால் பக்கத்தில் எழுதுங்கள். அப்புறம் ஆங்கிலச் சொல்லின் பழைய வடிவத்தைப் பாருங்கள். கட்டுமரம்–கட்டமரான், சுருட்டு–செரூட் போன்றவை கிடைத்தால் தனிப் பக்கத்தில் போடுங்கள். அவை நம்மிடமிருந்து போன கடன்கள், சந்தேகமே வேண்டாம். பட்டியல் தயாரானதும் அனுப்புங்கள், சேர்ந்து பார்க்கலாம்.