பிளாஸ்க் டெர்மினல் கட்டளை: வன்னியிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்

பைதன் என்ற நிரல்மொழியில் சிறிய வலைச்செயலிகள் எழுத உதவும் பிளாஸ்க் வந்தது 2010இல். டெர்மினலில், அதாவது கட்டளைகளை எழுத்தில் அடிக்கும் திரையில், அடிக்க அதற்கென்று ஒரு கட்டளை சேர்ந்தது 2016இல், 0.11 பதிப்போடு. கட்டளைகளை இங்கே தமிழில் எழுதுகிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் அடியுங்கள்.

கேள்வி (கிளிநொச்சி, மாணவர்): அக்கா, 'பிளாஸ்க் ரன்' அடித்தால் செயலியைக் காணவில்லை என்று பிழை காட்டுகிறது. என் கோப்பின் பெயர் 'கடை.பை'.

பதில்: தம்பி, நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் அது 'ஆப்.பை' அல்லது 'டபிள்யூஎஸ்ஜிஐ.பை' என்ற கோப்பைத்தான் தேடும். 'பிளாஸ்க் --ஆப் கடை ரன்' என்று கொடுங்கள். '--ஆப்' கட்டாயம் 'ரன்'னுக்கு முன்னால் வரவேண்டும். கோப்புக்கு 'பிளாஸ்க்.பை' என்று மட்டும் பெயர் வைத்துவிடாதீர்கள். பைதன் உண்மையான பிளாஸ்க்கை விட்டுவிட்டு உங்கள் கோப்பை எடுத்துக்கொள்ளும்.

கேள்வி (முல்லைத்தீவு, மாணவி): வீட்டில் சிக்னல் சரியில்லை. டேட்டா இல்லாமல் பிளாஸ்க்கை நிறுவலாமா?

பதில்: தாராளமாக, தங்கச்சி. இணையம் நன்றாக உள்ள இடத்தில் 'பிப் டவுன்லோட் பிளாஸ்க்' (பிப் என்பது பைதன் பொதிகளை நிறுவும் கருவி) அடித்தால் வெர்க்சோய்க், ஜின்ஜா, கிளிக் என்று அதற்குத் தேவையானவையும் சேர்ந்தே இறங்கும். எல்லாவற்றையும் பென் டிரைவில் கொண்டுபோய், 'பிப் இன்ஸ்டால் --நோ-இன்டெக்ஸ் --ஃபைண்ட்-லிங்க்ஸ்' என்று எழுதி, கோப்புகள் உள்ள ஃபோல்டரையும் 'பிளாஸ்க்' என்ற பெயரையும் கொடுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: இரண்டு கணினியிலும் ஒரே வகை இயங்குதளமும் ஒரே பைதன் பதிப்பும் இருக்கட்டும். மார்க்கப்சேஃப் என்ற துணைப்பொதி அதைப் பொறுத்து மாறும். நிறுவிய பிறகு செயலி எழுதவும் ஓட்டவும் இணையமே தேவையில்லை. நம் பக்கப் பிள்ளைகளுக்கு நான் பிளாஸ்க்கைச் சொல்வதற்கு முதல் காரணமே இதுதான்.

கேள்வி (புதுக்குடியிருப்பு, கடைக்காரர்): பிள்ளை, மகன் செய்த பற்றுக் கணக்குச் செயலியை என் போனில் பார்க்க முடியாதா?

பதில்: முடியும் ஐயா. லப்டொப்பை உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துவிட்டு, மகனை 'ரன் --ஹோஸ்ட் 0.0.0.0' என்று ஓட்டச் சொல்லுங்கள். பிறகு லப்டொப்பின் ஐபி முகவரியோடு :5000 (பிளாஸ்க் காத்திருக்கும் வாசல் எண், அதாவது போர்ட்) சேர்த்து போன் பிரவுசரில் அடியுங்கள். திறக்காவிட்டால் விண்டோஸ் ஃபயர்வால் மறிக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் அந்த நேரத்தில், பிழை தேட உதவும் '--டிபக்' வேண்டவே வேண்டாம். பிழை வரும் பக்கத்திலிருந்தே உங்கள் கணினியில் பைதன் கட்டளை ஓட்ட அது வழிவிடும், இடையில் இருப்பது ஒரு பின் இலக்கம் மட்டுமே. வீட்டில் தனியே வேலை செய்யும்போது '--டிபக்' அருமையான வசதி. கோப்பைச் சேமித்ததுமே சேவையகம் தானாக மீண்டும் தொடங்கும்.

அப்புறம், கடையில் நிரந்தரமாக ஓட்ட 'பிளாஸ்க் ரன்' ஏற்றதல்ல. விண்டோஸில் வெயிட்ரெஸ், லினக்ஸில் குனிகார்ன் என்ற சேவையக மென்பொருளைப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி (வவுனியா): போர்ட் 5000 ஏற்கெனவே பாவனையில் இருக்கிறதாம்.

பதில்: 'ரன்'னுக்குப் பின்னால் '--போர்ட் 5001' சேருங்கள்.

கேள்வி (மாங்குளம்): காலபோக அறுவடை நேரம் தினமும் வாங்கிய நெல் மூட்டைகளின் கூட்டுத்தொகை வேண்டும். அதற்கும் ஒரு வலைப்பக்கம் செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டாம், சொந்தமாக ஒரு கட்டளை செய்யுங்கள். கூட்டிக் காட்டும் ஃபங்ஷனுக்கு மேலே '@ஆப்.சிஎல்ஐ.கமாண்ட்' என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் 'நெல்' என்று பெயர் கொடுங்கள். பொழுதுபட 'பிளாஸ்க் --ஆப் கடை நெல்' அடித்தால் அன்றைய மூட்டைக் கணக்கு டெர்மினலில் வந்து நிற்கும். செயலியின் சூழலைப் பிளாஸ்க் தானே திறந்துகொடுப்பதால், தரவுத்தளத்தை எடுக்க அந்தச் சூழலைத் திறக்கும் வரிகளைத் தனியாக எழுதத் தேவையில்லை. கட்டளை சேர்ந்துவிட்டதா என்று பார்க்க 'பிளாஸ்க் --ஆப் கடை --ஹெல்ப்' போடுங்கள், பட்டியலில் 'நெல்' தெரியும்.